ஏழு செக்கன் பிந்தி

மார்க்கம் றோட்டில் பனியாக விழ மனமில்லாமல்
மழையாக விழுகிறது நவம்பர்.
கடைக்குள் எண்ணெய் காய்கிறது.
நாளைக்கு ஒரு சாமத்தியவீடு. இருநூறு மட்டன் றோல்ஸ்.
கல்லாவுக்கு மேலே, விலைப்பட்டியலைப் பாதி மறைத்தபடி
நாற்பது அங்குல ரீவி.
அதற்குள் மிருணாளினி.

ரிக்கெற் நூற்றெண்பது டொலர், கடைசி வரிசைக்கு.
அதை மணித்தியாலமாக மாற்றிப் பார்த்தேன்.
பத்தரை மணித்தியாலம் நின்றால்
மூன்று மணித்தியாலம் இருக்கலாம்.
நிற்கவே வந்துவிட்டேன்.

யசோ போயிருக்கிறாள். எனக்காக
ஃபோனைத் திறந்தபடி பிடித்திருக்கிறாள்.
கோதுமை மாப் பையின் மேல் கிடந்து இரைகிறது என்னுடையது.
இரண்டாவது பாட்டில்தான் கவனித்தோம்:
ஃபோன் முந்துகிறது. ரீவி பிந்துகிறது.
முதலில் விசில்,
பிறகுதான் அவள் பச்சைச் சேலையின் தலைப்பைச் சரிசெய்கிறாள்.
முதலில் கைதட்டல்,
பிறகுதான் வாயைத் திறக்கிறாள்.
டிலுக்ஷி கல்லாவிலிருந்தே எண்ணிச் சொன்னாள்:
"சரியா ஏழு செக்கன், அன்ரி."

ஏழு செக்கனில் ஒரு றோலைச் சுருட்டி
முட்டையில் தோய்த்து றஸ்க் தூளில் பிரட்டலாம்.
ஏழு செக்கனுக்கு நான் சாத்திரக்காரி.
"இப்ப அவவுக்குத் தொண்டை அடைக்கும் பாருங்கோ"
என்கிறேன், பார்சலுக்கு நிற்கும் லொறிக்காரரிடம்.
அடைத்தது.
அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்து
இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

பிறகு அந்தப் பாட்டு.
எதென்று சொல்லமாட்டேன்.
உங்களுக்கும் ஒன்று இருக்கும், அதை வைத்துக்கொள்ளுங்கள்.
சுதர்மன் கொத்து அடிப்பதை நிறுத்தினான்.
கரண்ட் போன நாளிலும் நிற்காத தகடு அது.

கமரா சனத்தின் மேல் மெல்லப் போனது.
உடனே எல்லோரும் பாடகியைக் கைவிட்டார்கள்.
தெரிந்த முகம் தேட வேண்டுமே.
"உது எங்கட பல் டொக்டரெல்லே!"
"அந்தாள் மனுசியோடயோ வந்திருக்கு?"

மூன்றாம் வரிசையில் பவளராணி.

பதினெட்டுப் பேரின் சீட்டுக் காசோடு
பிரம்ப்டன் பக்கம் போய் நம்பரை மாற்றியவள்.
அதில் என்னுடையது ஒன்பதாயிரத்து அறுநூறு.
வின்ரர் ரயர் வாங்காமல் இரண்டு வருஷம் சேர்த்தது.
கழுத்தில் அட்டியல்.
மூன்றாம் வரிசை என்ன விலையென்று எனக்குத் தெரியும்.

"யசோ! மூண்டாம் வரிசை! இடப்பக்கம்! விடாதை, பிடி!"
மாப் பையைப் பார்த்துக் கத்தினேன்.
பதிலுக்குப் பாட்டுத்தான் வந்தது.
யார் கேட்கப் போகிறார்கள் அந்த இரைச்சலில்.
நான் காண்பதும் எப்படியோ
ஏழு செக்கன் பழைய பவளராணியை.

அவள் அழுதுகொண்டிருந்தாள்.
மை கரைந்து கன்னத்தால் இறங்கியது.
துடைக்கவில்லை.
உதடு பாட்டோடு போனது.
நடிப்பென்று சொல்ல எனக்கும் ஆசைதான்.
ஆனால் காசு கேட்டுப் போன அன்று அவள் நடித்து அழுததை
அரை மணித்தியாலம் எதிரே இருந்து பார்த்தவள் நான்.
இது அது இல்லை.

டிலுக்ஷி என்னையே பார்த்தாள். ஏனென்று விளங்கவில்லை.
என் வாயும் அசைந்துகொண்டிருந்தது.
அதே வரி. அதே இடத்தில் அதே மூச்சு.
சண்டாளி, எனக்கும் அந்தப் பாட்டேதான்.

காசை விடமாட்டேன்.
திங்கட்கிழமை ஓஃப். பிரம்ப்டனுக்கு எத்தனை பஸ் மாறினாலும்
வாசலில் போய் நிற்பேன்.

ஆனால் ஃபோனில் பாட்டு முடிந்துவிட்டது.
மண்டபம் முழுவதும் எழுந்து தட்டுகிறது.
மாக்கையோடு எட்டி அதை அணைத்தேன்.
ரீவியில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

எண்ணெயில் பன்னிரண்டு றோல்ஸ் கருகியிருந்தன.
குகதாசன் அண்ணை ஒவ்வொன்றாக எண்ணினார்.